இடது தோளில் அரை அங்குலம்

கோட்டுக்குக் கை வைத்துத் தைக்கும்போது மாஸ்டர் ஒருநாளும் அதன் முன்புறம் நின்றதில்லை. தையல் பொம்மையின் முதுகைத் தம் பக்கம் திருப்பி, பின்னால் நின்றுகொண்டுதான் ஊசியை எடுப்பார். அளவு கொடுக்க வருகிறவரையும் அப்படியே திருப்பி நிறுத்துவார்.

"முகம் சிரிச்சு ஏமாத்திடும். முதுகுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பார். முப்பத்தொரு வருடப் பழக்கம் அது.

அளந்து முடித்த பிறகும் எங்கேயாவது ஒரு கால் அங்குலத்தைக் கூட்டாமலோ குறைக்காமலோ அவருக்கு மனம் ஆறாது. தெருவில் அவருக்குக் 'கால் இஞ்ச் மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது அதனால்தான்.

இரண்டு தோளும் சமமாக வாய்த்த மனிதர் அபூர்வம் என்பது தையற்காரருக்குத் தெரியும். எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது என்பதை மாஸ்டர் அளவு நோட்டில் எழுதமாட்டார். மனத்தில் குறித்துக்கொண்டு, தாழ்ந்த பக்கத்துத் தோளுக்குள் பஞ்சை ஒரு மடிப்புக் கூடுதலாக வைத்துவிடுவார். கோட்டை அணிந்தவர் கண்ணாடியைப் பார்த்து, 'எனக்கு இவ்வளவு எடுப்பான தோளா!' என்று பூரிப்பார். தம்மிடம் ஒரு குறை இருந்த செய்தியே அவருக்குத் தெரியாது.

"குறையை மூடு, வாயையும் மூடு" என்பது அந்தக் கடையின் சட்டம். பத்து வருடமாக அதே கடையில் தைக்கும் மகளுக்கும் அது மனப்பாடம்.

இப்படிப்பட்டவரின் மூளையில், வலப்பக்கத்து இரத்தக் குழாய் ஒன்றில், நான்கு மாதங்களுக்கு முன் இரத்தம் உறைந்து நின்றது. இடது காலும் இடது கையும் சோர்ந்து விழுந்தன. மருத்துவமும் பயிற்சியும் சேர்ந்து அவரை எழுப்பி நடக்க வைத்தன. ஆனால் போன இரண்டு திரும்பி வந்தபோது, மூன்றாவதாக ஒன்று வராமல் நின்றுவிட்டது.

அது, இடப்பக்கம்.

கண்ணில் பழுதில்லை. மருத்துவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இடப்பக்கம் இருப்பதை மனம் கணக்கில் எடுப்பதில்லை. தட்டில் வலது பாதியை உண்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். வலது கன்னத்தை மழித்துவிட்டு முகம் துடைத்துக்கொள்வார். இல்லாமற்போனது இல்லாமற்போனதாகவே தெரியாததுதான் இந்த நோயின் விசித்திரம்.

ஓர் உழவனிடம் இரண்டு மாடுகள் இருந்தன. இடது மாடு நோய்வாய்ப்பட்டுப் படுத்தது. உழவன் வலது மாட்டை மட்டும் நுகத்தில் பூட்டி ஓட்டினான். ஏர் சுற்றிச் சுற்றி வந்தது. "ஏன் வளைந்து வளைந்து போகிறாய்?" என்று உழவன் அதட்டினான். மாடு அவனை வியப்போடு பார்த்து, "நான் நேராகத்தான் போகிறேன், ஐயா. உங்கள் வயல்தான் வளைகிறது" என்றதாம்.

மாஸ்டருக்கும் வயல்தான் வளைந்திருந்தது.

சென்ற வாரம் அவர் தபால்காரரின் கோட்டை ஒற்றைக் கையோடு பொம்மையில் மாட்டிவிட்டு, "முடிஞ்சிடுச்சு!" என்று அறிவித்தார். மதியம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் மகள் இடது கையைத் தானே தைத்து வைத்தாள். எழுந்து வந்தவர் கோட்டைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதில் இருந்த நிறைவைக் கண்டு, மகள் வாய் திறக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மா வரும் நாள்.

*

"இன்னைக்குக் கத்தரிக்கோல் என் கைக்கு வந்தாகணும்" என்றார் மாஸ்டர், காலை உணவின் நடுவில்.

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல், மகள் வெட்டும் நேரம் போக, நான்கு மாதமாக அலமாரிக்குள் இருந்தது. சாவி மனைவியின் இடுப்பில்.

"முதல்ல தட்டைக் காலி பண்ணுங்க."

"காலி பண்ணிட்டேனே."

மனைவி தண்ணீர் ஊற்றும் சாக்கில் தட்டை அரைச் சுற்றுத் திருப்பினாள். உண்ணாத பாதி வலப்பக்கம் வந்தது.

"இது எப்போ வச்சே?"

"நீங்க கத்தரிக்கோலோட பேசிட்டிருந்தப்போ."

"கையில மந்திரம் வச்சிருக்கா" என்று மகளிடம் சொல்லிவிட்டு அவர் மறுபடி உண்ணத் தொடங்கினார். மகள் தலை நிமிரவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பிசியோ அம்மா வந்தார். கடையின் வெட்டு மேசைமேல் கறுப்புத் துணியை விரித்து, வெள்ளைப் பொத்தான்கள் முப்பதைப் பரப்பினார்.

"எல்லாத்தையும் எடுத்து டப்பாவுல போடுங்க, ஐயா. ஒண்ணுகூட விடாம."

மாஸ்டர் விறுவிறுவென்று எடுத்தார். கடைசிப் பொத்தானை 'டக்'கென்று போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "பொத்தான் எடுக்கறதுக்கு ஒரு பரீட்சையா? பத்து வயசுல பண்ணின வேலை."

பிசியோ அம்மா துணியை மெல்லச் சுழற்றினார். பதினோரு பொத்தான்கள் வலப்பக்கம் வந்து நின்றன.

"இது எங்கேருந்து வந்துச்சு? நீங்கதானே இப்போ போட்டீங்க?"

"நான் போடலை, ஐயா."

"அப்போ பொத்தான் குட்டி போட்டிருக்கு!" மாஸ்டர் சிரித்தார். பிறகு பொம்மையைச் சுட்டிக் காட்டினார். "பொத்தானை விடுங்கம்மா. அங்கே பாருங்க. ஒரு முழுக் கோட்டு. கை ரெண்டும் நானே வச்சது. இடது பக்கம் தெரியாதவன் இடது கையை எப்படி வைப்பான்?"

பிசியோ அம்மா கோட்டை இருபுறமும் பார்த்தார். புருவம் சுருங்கியது. பழகிய தொழிலில் சிலர் சற்று மேலாகச் செய்வதை அவர் பார்த்ததுண்டு. ஆனால் இவ்வளவு வேறுபாட்டைப் பார்த்ததில்லை. மகளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார்.

"நேராக் கேக்கறேன். இதுல நீங்க கை வைக்கலையே?"

கேள்வி எளிது. பதிலும் எளிதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இல்லை" என்றாள் மகள்.

"நிச்சயமா?"

"அவரேதான் தைச்சாரு."

"அப்படின்னா நல்ல சேதிதான். இருந்தாலும் தெருவுல தனியா விட்டுடாதீங்க. கத்தரிக்கோலைப் பத்தி யோசிக்கலாம்."

சுவருக்கு இப்பால் நின்ற மாஸ்டரின் காதுக்கு 'நல்ல சேதி' மட்டுமே எட்டியது. நல்ல சேதிக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கோட்டைப் பொம்மையிலிருந்து கழற்றி வலது தோளில் போட்டுக்கொண்டு, அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

*

தபால் நிலையம் எதிர்ச்சாரியில், நாற்பது கட்டடம் தள்ளி இருந்தது. தபால்காரருக்கு நாளை ஓய்வு பெறும் நாள். காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் எல்லோரும் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. முப்பது வருடமாகச் சீருடையில் திரிந்தவர், அந்த ஒரு படத்துக்காகக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்.

மாஸ்டர் நேராக நடப்பதாகத்தான் நினைத்தார். ஆனால் கால்கள் அவரை வலப்பக்கமாகவே இழுத்தன. ஒரு கடை வாசல்படியில் உரசினார். ஒரு தூணுக்கு வழி விட்டார். "வர வரத் தெருவைக் குறுகலாக்கிட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

சாலையைக் கடக்க வலப்பக்கம் பார்த்தார். வண்டி இல்லை. இறங்கினார்.

சைக்கிள் மணி அடித்தது. இடப்பக்கத்திலிருந்து வந்த மணி அது. மாஸ்டர் சட்டென்று திரும்பினார், வலப்பக்கம். அங்கே ஒன்றுமில்லை.

மீண்டும் மணி. "பெரியவரே! பெரியவரே!" என்றொரு குரல். அவர் இன்னும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் கேன்களோடு வந்த சைக்கிள்காரர் முழு மூச்சாகப் பிரேக்கைப் பிடித்தார். ஆனாலும் கைப்பிடி மாஸ்டரின் இடது முழங்கையில் இடித்தது. உட்கார்ந்த வாக்கில் அவர் தரையில் விழுந்தார். விழும்போதும் கோட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"மணி அடிச்சேனேங்க! இந்தப் பக்கம் ஒருதரம் பாத்திருக்கக் கூடாதா?"

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மாஸ்டர். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

*

பையும் கடிதமுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்த தபால்காரர்தான் அவரைக் கைத்தாங்கலாகக் கடைக்குக் கூட்டிவந்தார். முழங்கையில் சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று பிசியோ அம்மா அசைத்துப் பார்த்துச் சொன்னார். மனைவி காயத்தைக் கழுவினாள். கை வேலை செய்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தபால்காரருக்கே தபால் கொண்டுபோன முதல் ஆளு நீங்கதான்."

"கோட்டுல ஒரு தூசி விழுந்துச்சா பாரு" என்றார் அவர்.

மகள் சுவரோரம் நின்றாள். தன் ஒற்றை வார்த்தை எங்கே போய் இடித்தது என்று அவளுக்குத் தெரியும்.

"வந்தது வந்துட்டேன், போட்டுப் பாத்துடறேன் மாஸ்டர்" என்று சூழ்நிலையை இலகுவாக்கப் பார்த்தார் தபால்காரர். பையை இறக்கி வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

வழக்கப்படி மாஸ்டர் அவரைத் திருப்பி நிறுத்தியிருப்பார். ஆனால் இன்று அவர் அடிபட்டு நாற்காலியில் அமர்ந்திருந்தார். தபால்காரர் அவருக்கு நேர் எதிரே, முகம் பார்த்து நின்றார்.

எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவருடைய இடது, மற்றவருக்கு வலது. முப்பத்தொரு வருடமாக முதுகைப் பார்த்தே தைத்தவர் கண்ணுக்கு, அந்தக் கோட்டின் இடது கை முதன்முதலாக வலப்பக்கம் வந்து நின்றது. வெளிச்சத்தில், முழுதாக.

மாஸ்டர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"கிட்ட வா தபால்."

தபால்காரர் குனிந்தார். மாஸ்டர் தோள் மூட்டுத் தையலில் கட்டைவிரலை ஓட்டினார். ஒருமுறை; இன்னொரு முறை.

"இது யார் போட்ட கை?"

கட்டைவிரலால் தோளை அழுத்திப் பார்த்தார்.

"தையல் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா என் தையல் இல்லை. இந்தத் தோளுக்குள்ள ஒரு மடிப்புப் பஞ்சு கூட இருக்கணும். முப்பது வருஷம் பை தொங்கின தோளு, அரை இஞ்ச் இறங்கியிருக்கு. அது எனக்கு மட்டும்தான் தெரியும், நோட்டுல இல்லை. நான் தைச்சிருந்தா பஞ்சை மறந்திருக்க மாட்டேன்."

"அரை இஞ்ச்சா?" தபால்காரர் தம் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கா?"

"உனக்குத்தான். முன்னாடி தைச்ச சட்டையிலேகூட மூடி மறைச்சிருக்கேன். சொல்லாம விட்டது தப்பு."

"நான்தான்ப்பா தைச்சேன்" என்றாள் மகள். குரல் கிணற்றிலிருந்து வந்தது. "நீங்க ஒரு கையோட விட்டுட்டீங்க. முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க. சொல்ல மனசு வரலை."

"ஒரு கையோடவா? நானா?"

"ஆமாப்பா."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஈரத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தட்டுலயும் மந்திரம் இல்லைங்க. நான்தான் திருப்பறேன். தினம் மூணு வேளையும்."

பொத்தான்கள் இன்னும் மேசைமேல் கிடந்தன. அந்தப் பதினொன்றையும் மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். பார்வை மெல்ல மகளிடம் போனது.

"நாலு மாசமா என்னைச் சுத்தி நாடகம் போட்டிருக்கீங்க. பாக்கறவன் ஒருத்தன், நடிக்கறவங்க ரெண்டு பேரு. ஏம்மா?"

அதுவரை அடக்கி வைத்தது மகளிடமிருந்து உடைந்து வந்தது. "நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே? குறையை மூடு, வாயையும் மூடுன்னு! தோள் இறங்கியிருக்குன்னு சொல்லாம பஞ்சு வச்சீங்கள்ல? நானும் பஞ்சுதான் வச்சேன்!"



மாஸ்டர் தபால்காரரின் தோளைத் தொட்டுக் காட்டிப் பேசினார். கோபம் அதில் இல்லை.

"பஞ்சு வச்சா தோள் நேராத் தெரியும், பாப்பா. நேராகாது. போட்டோவுக்கு அது போதும். தெருவைத் தாண்டறதுக்குப் போதாது."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிசியோ அம்மாவிடம் திரும்பினாள். "உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன். அதை நம்பித்தான் அவர் தெருவுல இறங்கினாரு."

பிசியோ அம்மா கடிந்துகொள்ளவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அன்பாத்தான் செஞ்சீங்க. ஆனா தட்டு தானாத் திரும்பிட்டா, அவர் தலை எதுக்குத் திரும்பணும்? இடப்பக்கம் செத்துப்போகலை, ஐயா. உங்க மனசு அந்தப் பக்கம் போற வழியை மறந்திருக்கு. திரும்பத் திரும்ப நடந்தாத்தான் அந்த வழி பழகும். இடது ஓரத்துல பளிச்சுனு ஒரு அடையாளம் வச்சு, அதைக் கண்ணால தொட்டுட்டுத்தான் எந்த வேலையும் ஆரம்பிக்கணும். இடது கை விரலையும் அசைச்சுக்கிட்டே இருங்க. கை அசையற பக்கம் கவனமும் கொஞ்சம் போகும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"தெரியலை. கொஞ்சம் கொஞ்சமா வரும். முழுசா வருமான்னு இன்னைக்குச் சொல்ல முடியாது."

"கால் இஞ்ச் கால் இஞ்ச்சா வருமா?"

"வரும்."

"அது போதும். நமக்குப் பழக்கமான கணக்குத்தான்."

*

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தபால்காரரிடம் போனாள். "கோட்டைக் கொஞ்சம் கழட்டித் தரீங்களா?"

"நாளைக்குப் பத்து மணிக்குப் போட்டோம்மா."

"தெரியும்."

கோட்டை வாங்கி, சன்னலோரம் உட்கார்ந்து, சிறு கத்தியை எடுத்தாள். தான் தைத்த தையலைத் தானே பிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு நூலாக. தாய் பதறினாள்.

"ஏய், நல்லா இருக்கறதை ஏண்டி பிரிக்கறே? நேரத்துக்கு முடியலைன்னா?"

தபால்காரர் இடைமறித்தார். "விடுங்கம்மா. முப்பது வருஷமா ஊர்க்காரங்க தபாலுக்குக் காத்திருந்தாங்க. ஒருநாள் தபால் காத்திருந்தா தப்பில்லை. ஒத்தைக் கைக் கோட்டுன்னா, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு நிப்பேன்."

"மறைக்கறதெல்லாம் இன்னையோட சரி" என்றார் மாஸ்டர்.

இடது கை கோட்டிலிருந்து விடுபட்டது. மகள் அதை வெட்டு மேசையின் இடது ஓரத்தில் கிடத்தினாள். அதற்கும் அப்பால், மேசையின் விளிம்பு நெடுக, தடித்த சிவப்பு நூலை இழுத்துக் கட்டினாள். அதே நூலில் ஒரு துண்டை அறுத்து, தந்தையின் இடது சுட்டுவிரலில் முடிச்சிட்டாள். பிறகு அவருக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டாள். நான்கு மாதத்தில் அவள் அந்தப் பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை.

"கை எங்கேம்மா?"

"சொல்ல மாட்டேன்பா."

"கல்நெஞ்சுக்காரி."

"உங்க பொண்ணு."

மாஸ்டர் மேசையைப் பார்த்தார். வலது ஓரத்திலிருந்து பார்வை நகர்ந்து, நடுவில் வந்து நின்றது. வழக்கமாக அங்கேதான் உலகம் முடியும். மனைவியின் விரல் தன்னை அறியாமல் சுட்டிக் காட்ட எழுந்தது. மகள் எட்டி அந்த விரலைப் பற்றிக்கொண்டாள்.

"விரலைத் தட்டுங்க, ஐயா" என்றார் பிசியோ அம்மா, தணிந்த குரலில்.

இடது சுட்டுவிரல் மேசைமேல் தட்டியது. மெல்ல, பிறகு சற்று ஓங்கி. தலை ஓர் அங்குலம் இடப்பக்கம் திரும்பியது. நின்றது. மறுபடி திரும்பியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒரு மேசையின் நீளத்தைக் கடக்க ஒரு மலை ஏறும் உழைப்பு.

"சிவப்பா ஏதோ..." என்றார். "நூலு. சிவப்பு நூலு."



நூலிலிருந்து பார்வை மெல்ல உள்ளே இறங்கியது. கோட்டுத் துணி. மடிப்பு. மணிக்கட்டு விளிம்பு.

"இருக்கு!" என்றார் மாஸ்டர். "இவ்வளவு நேரம் இங்கேயேவா இருந்துச்சு?"

"இங்கேயேதான்ப்பா இருந்துச்சு."

அவர் நிமிர்ந்தார். சிவப்பு நூலின் பக்கத்தில் மகளின் முகமும் இருந்தது. அதைக் காணாததைக் கண்டதுபோல் பார்த்தார்.

"நீயும் இங்கேதான் இருக்கியா?"

அவள் தலையாட்டினாள். கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பிரித்தெடுத்த கையை மாஸ்டர் தம் வலது கையால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பஞ்சை ஒரு மடிப்புக் கூட்டி எடுத்து வைக்கச் சொன்னார். சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது. நாளைக் காலை பத்து மணிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. கத்தரிக்கோல் அலமாரியில்தான் இருந்தது. அவர் இன்று அதை மீண்டும் கேட்கவில்லை.

"சரி, ஊசியைக் கொடு" என்று வலது கையை நீட்டினார்.

மகள் ஊசியில் நூல் கோத்தாள். நீட்டிய கையில் அதைக் கொடுக்கவில்லை. மேசையின் இடது ஓரத்துக்குப் போய், சிவப்பு நூலை ஒட்டி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, தந்தையின் தலை திரும்பும்வரை காத்திருந்தாள்.